மூன்றாம் தரம்

முதல் வயலில் மண்ணூசி ஒன்றாம் தரம் என்று காட்டியபோது தையல்நாயகிக்கு ஆச்சரியமாக இல்லை. அது ஆற்றை ஒட்டிய வயல். போன ஐப்பசி வெள்ளம் போட்டுவிட்டுப் போன வண்டல் இன்னும் கருப்பாகவே கிடந்தது. ஆனால் மேட்டுப் பகுதியிலும், மல்லிகைக் கொல்லையிலும், ஆடு மேயும் தரிசிலும்கூட ஊசி அதையே சொன்னது. கடைசியாக, ஊரார் அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தில் இறக்கிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

ஊசியின் தலையில் எரிந்த பச்சை விளக்கைக் கூடவே வந்த ஊர்க்காரர்களும் பார்த்துவிட்டார்கள். ஒரு பெண் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கோரைத்திட்டு கொள்ளிடத்துக்கு நடுவில் கிடந்த ஊர். ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஆற்றிலிருந்து பிரிந்து மறுபடி ஆற்றிலேயே சேரும் கிளை. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் ஜனங்கள் படகில் அக்கரைக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போது வயலெல்லாம் புது வண்டல் படிந்திருக்கும். கத்தரி, வாழை, மல்லிகை, நெல், எது வைத்தாலும் வந்தது.

டெல்டாவின் மற்ற பகுதிகள் அப்படி இல்லை. கடல் உள்ளே ஏறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பாதிக்கு மேல் உவர் பூத்துக் கிடந்தது. நகரங்களில் அரிசி அளந்து கொடுத்தார்கள். நல்ல மண் எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேடவே அரசாங்கம் மண்தர ஆணையம் என்று ஒன்றை வைத்திருந்தது. தையல்நாயகி அதில் மண் பிரிப்பாளர். நாற்பதைத் தாண்டியவள். ஊசியைத் தோளில் மாட்டிக்கொண்டு படுகை படுகையாக நடப்பதுதான் வேலை.

ஊசி பொய் சொல்லாது. களி எவ்வளவு, மணல் எவ்வளவு, மக்கு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று படித்துத் தரத்தை நேராக ஆணையத்துக்கு அனுப்பிவிடும். நான்காம் தரம் என்றால் கடலுக்கு விட்டுவிடுவார்கள். மூன்றாம் தரம் என்றால் ஏதோ விளையும், ஆனால் ஆணையம் கைவைக்கும் அளவுக்கு இல்லை, உடையவர்களிடமே விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு தரங்களும் ஆணையத்துக்கு. அங்கே மண்ணுக்குள் விரல் பருமனில் கருவிகளை விடுவார்கள். அவை ஊர்ந்து போய் ஒவ்வொரு வேருக்கும் வேண்டியதைக் கொடுக்கும். ஜனங்கள் அவற்றுக்கு வைத்த பெயர் இரும்புப்புழு. அவை வேலை செய்கிற மண்மேல் வீடு இருக்கக்கூடாது, மாடு நடக்கக்கூடாது, மனிதன் கால் வைக்கக்கூடாது. விளைச்சல் மட்டும் மூன்று பங்கு.

"நேராவே சொல்லிடுங்க மேடம்," என்றார் சிங்காரவேலு. ஊர்ச் சங்கத்தின் தலைவர் அவர். ஐம்பது வயது இருக்கும். கத்தரித் தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். "ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"எல்லா இடமுமா?"

"சாம்பல் மேடுகூட."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "நல்லா வெச்சிருந்ததுதான் தப்பாப் போச்சு போல."

அவர் மனைவி ராஜாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்களை எங்கம்மா கொண்டுபோய்ப் போடுவீங்க?"

"அரியலூர்ப் பக்கம். பழைய சுண்ணாம்புக் குவாரி மேட்டுல அடுக்குமாடி கட்டியிருக்காங்க. வீடு கொடுப்பாங்க. வாழ்நாள் பூரா மாசாமாசம் அரிசி கொடுப்பாங்க. சட்டமே அப்படித்தான்."

"அங்க என்ன வேலை?"

தையல்நாயகி ஊசியின் முனையைத் துடைத்தாள். அந்த மேட்டுக்கு அவள் போயிருக்கிறாள். அவள் ஒன்றாம் தரம் கொடுத்த வேறொரு ஊரின் ஜனங்கள் அங்கே இருந்தார்கள். ஒரு மனிதர் லிஃப்டில் கீழே வந்தார், வெயிலைப் பார்த்தார், மறுபடி மேலே போனார். அவள் அங்கிருந்த நேரம் முழுக்க அவர் அதையேதான் செய்துகொண்டிருந்தார். யாரும் அவரை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

"ஆட்சேபம் சொல்லலாம்," என்றாள். "சொன்னா, கோடை கழிஞ்சு வேற ஒரு ஆள் வந்து மறுபடி ஊசி இறக்குவார். அவர் ஊசி என்ன சொல்லுதோ அதுதான் முடிவு."

"அவர் ஊசி வேற சொல்லுமா?"

"சொல்லாது."

ஆனாலும் கோரைத்திட்டு ஆட்சேபம் சொன்னது.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் அவள் தங்கியிருந்த குடியிருப்புக்கு சிங்காரவேலு வந்தார். பை நிறையக் கத்தரிக்காய். அதை வாங்க மறுத்தாள். அவர் கதவோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான். மூணாம் தரம் ஆகணும்னா என்ன பண்ணணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தரத்தை உயர்த்த வழி கேட்டவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அவர் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"உங்க மண்ணைக் கெடுக்கணும்ங்கறீங்க."

"கொஞ்சமா. நாங்க இருக்கற அளவுக்கு. நாலுக்குப் போயிடாம."

"அண்ணே, என் பொண்ணு திருச்சியில ஹாஸ்டல்ல படிக்கிறா. வாரத்துல மூணு நாள்தான் சோறு. மத்த நாள் ஏதோ மாவைக் கரைச்சு ஊத்தறாங்க. உங்க திட்டு ஒரு பட்டணத்துக்கே சோறு போடும். அதைக் கெடுக்க என்கிட்டயே வழி கேக்கறீங்க."

"தப்புதான்," என்றார் அவர் உடனே. "நான் இல்லேங்கல. பட்டணத்துக்காரங்களுக்கு நாங்க விரோதி இல்ல. எங்களையும் வெச்சுக்கிட்டு விளைய வைக்கச் சொல்லுங்க. விளைஞ்சதுல பெரும்பங்கு எடுத்துக்கிட்டுப் போகட்டும். அப்படிக் கேட்டு எழுதினோம். கால் படக்கூடாதுன்னு பதில் வந்துது. வெள்ளத்துல, புயல்ல, எதுலயும் நாங்க ஊரை ஒரேயடியா விட்டது இல்லீங்க. காலு பட்டுதுங்கறதுக்காக விடணுமா?"

அவள் அன்றைக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினாள். கத்தரிக்காயைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். குவாரி மேட்டில் பார்த்த லிஃப்ட் அடிக்கடி நினைவுக்கு வந்தது. அந்த ஊருக்குத் தரம் கொடுத்தபோது அவள் ஊசியை இறக்கியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. இப்போதும் செய்யவில்லை. அது ஒரு சமாதானமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இருக்கவில்லை.

சில நாள் கழித்து அவளே திட்டுக்குப் போனாள்.

திட்டின் கிழக்கு முனையில் ஒரு வடிகால் வாய்க்கால். அதன் வாயில் பெரிய இரும்பு ஷட்டர். கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றும்போது அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஓதம் ஆற்றுக்குள்ளேயே ஏறி வரும். அந்த உப்புத் தண்ணீர் வயலுக்குள் நுழையாமல் காப்பது அந்த ஷட்டர்தான். தையல்நாயகி சிங்காரவேலுவையும் ராஜாமணியையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"அமாவாசை ஓதத்துக்கு இதைத் திறந்தீங்கன்னா கடல்தண்ணி வாய்க்கால் வழியா எல்லா வயலுக்கும் ஏறிடும். ஒரு ஓதம் போதும். நிறுத்தி வெச்சு, வடிச்சுடுங்க. ஊசி உப்பைக் கண்டுபிடிச்சு மூணுன்னு சொல்லும். ரெண்டாவது ஓதம் விட்டா நாலு. ஜாக்கிரதை."

"அப்புறம் இந்த உப்பு?" என்று கேட்டாள் ராஜாமணி.

"களிமண்ணை ரொம்பச் சன்னமான தகடுங்களை அடுக்கி வெச்ச மாதிரி நினைச்சுக்குங்க அக்கா. தகடுக்கும் தகடுக்கும் நடுவுல சுண்ணாம்புச் சத்து இருக்கறதாலதான் மண்ணு பொலபொலன்னு இருக்கு. கடல் உப்பு வந்தா அந்தச் சத்தைத் தள்ளிட்டு அது உட்கார்ந்துக்கும். சில மாசத்துல கழுவிட்டா ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்குல விட்டா தகடுங்க ஒட்டிப்போய், மேல தார் போட்ட மாதிரி ஆயிடும். வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது."

"சில மாசத்துல யாரு கழுவுறது?"

"உங்க ஆறுதான். ஐப்பசியில வெள்ளம் ஏறுமில்ல? அதுக்கு முன்னாடி சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் தூவி வெச்சுடுங்க. ஒரே வெள்ளத்துல முக்கால்வாசி போயிடும். மேல புது வண்டலும் படிஞ்சுடும். அதுக்குள்ள மறு அளவு முடிஞ்சு, மூணாம் தரம்னு முத்திரை குத்தியிருப்பாங்க. ஒரு தடவை மூணுன்னு முடிவானா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

ராஜாமணி அவள் கையைப் பிடித்தாள். "வெள்ளம் வந்துடும்ல?"

"வராம எங்கக்கா போகப்போகுது? இந்தத் திட்டுல வெள்ளம் ஏறாத வருஷம் உண்டா?"

அது நியாயமான கேள்விதான். யாருக்கும் அப்படி ஒரு வருஷம் நினைவில்லை.

நல்ல மண்ணில் தெரிந்தே உப்பு விடுவதற்குச் சட்டத்தில் பஞ்சக் குற்றம் என்று பெயர். கொலைக்கு என்ன தண்டனையோ அதுவேதான். அதனால் வைகாசி அமாவாசை அன்று, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, வீட்டுக்கு ஒருவராக வந்து ஷட்டரின் சக்கரத்தைச் சுற்றினார்கள். ஒருவர் ஒரு சுற்று, அடுத்தவர் ஒரு சுற்று. யார் திறந்தது என்று கேட்டால் ஊர் திறந்தது என்று ஆகட்டும் என்பது சிங்காரவேலுவின் ஏற்பாடு. தையல்நாயகியும் வந்திருந்தாள். அவர்கள் அவளைச் சுற்றச் சொல்லவில்லை. அவளாகவே போய்ச் சுற்றினாள்.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. வாய்க்காலில் ஏறி, மடைகளில் பிரிந்து, வாழைக்கு நடுவிலும் கத்தரிப் பாத்திகளிலும் பளபளவென்று நின்றது. பார்க்க நல்ல தண்ணீர் போலத்தான் இருந்தது. ஒரு வயசாளி குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மண்புழுக்கள் மேலே வர ஆரம்பித்தன. வரப்புகளின் மேல், வாழை அடியில், பாதையில், கால் வைக்க இடமில்லாமல் நெளிந்தன. சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு அசையாமல் போயின. எங்கிருந்தோ கொக்குகள் இறங்கின. ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, பயமில்லாமல் அவை தின்றன. ராஜாமணி ஒரு கல்லை எடுத்தாள். எறியவில்லை. "தின்னுட்டுப் போவட்டும்," என்று சொல்லிக் கீழே போட்டாள். மறுநாளும் கொக்குகள் வந்தன. அதற்கு மறுநாள் தின்பதற்கு ஒன்றும் இல்லை.

வாழை இலைகளின் ஓரம் கருகியது. மல்லிகை மொட்டு விடுவதை நிறுத்தியது. ஆனியில் வேறொரு மண் பிரிப்பாளர் வந்தார். இளைஞர். ஊசியை இறக்கினார், எடுத்தார், இறக்கினார். மஞ்சள் விளக்கு. "ஓதம் ஏறியிருக்கு போல," என்று பரிதாபமாகச் சொன்னார். "மூணாம் தரம். மனசை விட்டுடாதீங்க, ஏதாவது வெச்சுப் பாருங்க."

அவர் படகு ஏறிய பிறகு ஊரில் ஆடு அறுத்தார்கள். தையல்நாயகியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ராஜாமணி தன் வீட்டில் உட்காரவைத்து, இருந்த பழைய நெல்லில் வடித்த சோற்றைப் போட்டாள். போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்தும், இலை நிறைந்த பிறகும் வைத்தாள். "எங்களைக் குடியிருக்க வெச்ச மகராசி நீ," என்றாள். தையல்நாயகிக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. திருச்சியில் இன்று மாவு நாளா சோற்று நாளா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஜிப்சம் வாங்கித் தூவினார்கள். ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஐப்பசிக்குக் காத்திருந்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் இயந்திரங்கள் வந்தன. கோரைத்திட்டைச் சுற்றி, ஆற்றோரம் நெடுக, ஆள் உயரத்துக்கு மேல் இரும்புப் பலகைகளை இறக்கினார்கள். கேட்டதற்கு, நகரும் கரை என்றார்கள். தேவைப்பட்டால் ஏறும், தேவைப்பட்டால் இறங்கும். உங்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் என்று ஒருவர் சொன்னார். சிங்காரவேலு போனில் தையல்நாயகியைக் கூப்பிட்டார். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. நல்ல வெள்ளம். செக்கச்செவேல் என்று, மரம் மட்டை அடித்துக்கொண்டு வந்தது. கோரைத்திட்டு ஜனங்கள் இரும்புக் கரைமேல் ஏறி நின்று, வயலில் நிற்பவன் தலைக்குச் சமமான உயரத்தில் அது போவதைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மழை கொஞ்சம் பெய்தது. அது உப்பை அசைக்கப் போதவில்லை.

தையல்நாயகி திருச்சிக்குப் போனாள். ஆணையத்தின் டெல்டா இயக்குநர் மதிவாணன், அவளைவிடச் சிறியவர். மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார்.

"கோரைத்திட்டுக்கு ஏன் சார் வெள்ளம் விடல?"

"மூணாம் தரமாச்சே," என்றார் அவர். "இந்த வருஷத்துலேர்ந்து வெள்ளமும் பங்கீட்டுல வந்துடுச்சு மேடம். மேல அணைகள்ல தேங்கின வண்டலைக் கலக்கி விடறோம். அவ்வளவு செலவு பண்ணி விடற தண்ணி, கடலுக்கும் தரிசுக்கும் போகக்கூடாது இல்லையா? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் மட்டும்தான்."

"அந்த மண்ணுக்கு ஒரு வெள்ளம் போதும் சார். ஒண்ணாம் தரத்துக்குத் திரும்பிடும்."

"தெரியும்."

அவர் சொன்ன விதத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மதிவாணன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஓதம் தானா ஊறி வந்தா உப்பு அடியிலதான் அதிகம் இருக்கும். மேல வர வரக் குறையும். கோரைத்திட்டுல தலைகீழா இருந்தது. மேல நிறைய, அடியில ஒண்ணுமே இல்ல. யாரோ மேலாப்புல தண்ணி கட்டியிருக்காங்க. அதுவும் அளவு தெரிஞ்சு, ஒரே தடவை கட்டியிருக்காங்க. அந்த ஊர்ல அளவு தெரிஞ்சவங்க யாரு இருக்காங்கன்னு நான் தேடல மேடம். தேடாமலே கையெழுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"குவாரி மேட்டுல ஒரு வீடுகூட காலி இல்ல. ஒண்ணாம் தரம்னு நான் கையெழுத்துப் போட்டா அந்த ஊருக்கே வீடு கொடுக்கணும், சாகற வரைக்கும் அரிசி கொடுக்கணும். சட்டம். என்கிட்ட வீடும் இல்ல, அரிசியும் இல்ல. மூணாம் தரம்னா நான் ஒண்ணும் கொடுக்க வேண்டாம். விளையாத மண்ணுல எத்தனை நாள் இருப்பாங்க? தானா போயிடுவாங்க. போனதும் கரையை இறக்கி ரெண்டு வெள்ளம் விட்டா மண்ணு பழைய மாதிரி ஆயிடும்."

"ஆளில்லாத மண்ணு."

"ஆமா."

"இது அநியாயம் சார்."

"அவங்க பண்ணினது?" என்று கேட்டார் மதிவாணன். குரலை உயர்த்தவில்லை. "அந்த அரிசியை எதிர்பார்த்துட்டு இருந்தவங்களுக்கு அது நியாயமா? நீங்க வேணும்னா வெளியில சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன். விசாரணை வந்தா முதல் கேள்வி ஷட்டரைத் திறந்தது யாருங்கறதாத்தான் இருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒன்றை யோசித்துப் பார்த்தாள். அந்த மனிதர்மேல் கோபப்பட முடிகிறதா என்று. முடிந்தது. ஆனால் அந்தக் கோபம் அவரோடு நிற்கவில்லை.

சிங்காரவேலுவிடம் மட்டும் சொன்னாள். அவர் வெங்காயத் தாள் அளவுக்கு வளர்ந்து மஞ்சளாகிப்போன நெல்லுக்கு நடுவில் நின்றிருந்தார். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு காலால் மண்ணைத் தட்டினார். மேல்மண் ஓடு மாதிரி பெயர்ந்தது.

"கோர்ட்டுக்குப் போகலாம் அண்ணே. நான் செஞ்சதை நானே சொல்லிடறேன்."

"நீங்க சொன்னா நீங்க மட்டுமா போவீங்க? வீட்டுக்கு ஒருத்தர் சக்கரத்தைச் சுத்தியிருக்கோம். எனக்குத் தோணின புத்திசாலித்தனம் அது." பெயர்ந்த ஓட்டைக் காலாலேயே நொறுக்கினார். "ஒரு உதவி பண்ணுங்க. இதை ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க. ராஜாமணிக்கும்."

"ஏன்?"

"இப்ப ஆத்து மேல கோபமா இருக்காங்க. கரையைக் கட்டினவன் மேல கோபம். உங்க மேல கோபம். போற இடத்துல அதைப் பேசிக்கிட்டே காலத்தைத் தள்ளிடுவாங்க. பேசாம ஒண்ணாம் தரத்தை ஒத்துக்கிட்டிருந்தா வீடும் சோறும் கிடைச்சிருக்கும், நாமளே நம்ம கையால சுத்தி அதையும் இழந்தோம்னு தெரிஞ்சா... அதைத் தூக்கிக்கிட்டு எங்கேயும் போக முடியாது மேடம்."

அடுத்த வருஷம் கரை இறங்கவில்லை. முதலில் குத்தகைக்கு நிலம் வைத்திருந்தவர்கள் போனார்கள். பிறகு கடன் கிடைக்காதவர்கள். மூன்றாம் தரத்து ஊர் என்று சொன்னால் விதைக்கடைக்காரன்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. சிலர் திருப்பூருக்கு, சிலர் கேரளத்துக்கு, சிலர் எங்கே என்று சொல்லாமல். குவாரி மேட்டில் இடம் கேட்டு ஒரு குடும்பம் போய் நின்றது. நீங்கள் மூன்றாம் தரம், உங்களை யாரும் கிளப்பவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியாகக் கிளம்பியது சிங்காரவேலுவின் வீடு. அன்று தையல்நாயகி துறைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். பாத்திரங்கள், கட்டில், இரண்டு ஆடு, கோழிக்கூடை, எல்லாம் படகில் ஏறிக்கொண்டிருந்தன. அவளைக் கண்டதும் ராஜாமணி கையிலிருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"வந்துட்டியா? பாத்துட்டுப் போலாம்னு வந்தியா?"

"அக்கா..."

"அக்காங்காத. வெள்ளம் வராம எங்க போகப்போகுதுன்னு கேட்டியே, எங்க போச்சு? நீ படிச்சவதானே? உனக்குத் தெரியாதா? என் வீட்டுல உக்காந்து சோறு தின்னியே, அப்பயாவது உனக்குத் தோணலையா? எங்களை உசுரோட உப்புல புதைச்சுட்டுப் போயிட்டியே!"

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையல்நாயகி சிங்காரவேலுவைப் பார்த்தாள். அவர் ஆட்டைப் பிடித்துப் படகுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அது கால்களை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. அவர் நிமிரவே இல்லை.

"தப்புதான்," என்றாள் தையல்நாயகி. "என் கணக்குதான் தப்பாப் போச்சு."

"கணக்காம்!" ராஜாமணி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ள முயன்றாள், தூற்றுவதற்கு. மண் வரவில்லை. விரல் நகம்தான் கீறியது. அவள் கையை உதறிக்கொண்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு, படகில் ஏறி, இவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சிங்காரவேலு கயிற்றை அவிழ்த்தார். கிளம்பும்போது மட்டும் அவளைப் பார்த்து, யாரும் கவனிக்காத அளவுக்குத் தலையை அசைத்தார். நன்றி சொல்கிறாரா, விடைபெறுகிறாரா என்று தெரியவில்லை.

படகு அக்கரை சேரும் வரை அவள் நின்றாள். ஊருக்குள் எங்கோ சாத்தாமல் விட்ட கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. மதிவாணன்.

"கடைசிக் குடும்பமும் போயிடுச்சா மேடம்?"

"போயிடுச்சு."

"கரையை இறக்கச் சொல்லிடறேன். இந்த வெள்ளத்தைத் தவற விட வேண்டாம்." கொஞ்சம் தயங்கினார். "போகும்போது யாராவது ஏதாவது கேட்டாங்களா? வீடு, அரிசின்னு?"

"இல்ல சார்," என்றாள் தையல்நாயகி. "யாரும் எதுவும் கேக்கல."